பத்தாவது ஆள்

பள்ளி என்ற சொல்லைப்போல் இடங்கொடுக்கும் சொல் தமிழில் அரிது. சமண முனிவரும் பௌத்த துறவியரும் தங்கிய இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். மலையாள நாட்டிலே கிறித்தவரின் கோயிலுக்கும் பள்ளி என்றே பெயர். நாம் நாள்தோறும் சுண்ணக்கட்டியும் கையுமாக நிற்கும் இடமும் அதுவே. இந்தச் சொல்லுக்குள் யூதரும் குடியிருக்கிறார்கள் என்பதை நாம் நேரிற் கண்டது 2024 ஆம் ஆண்டின் இறுதியில், விடுமுறைப் பயணமாகக் கொச்சிக்குச் சென்றிருந்தபோது. மட்டாஞ்சேரியில் 1568 இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தை அவ்வூரார் 'ஜூதப்பள்ளி' என்கிறார்கள்.

கொழும்பிலே யூதருக்கென்று பழைய பள்ளி எதுவும் நிற்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைவரை ஒரு நடை நடந்தால் புனித லூசியா பேராலயத்தையும், அந்தோனியார் கோயிலையும், கருங்கல்லில் இராமநாதன் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலையும், ஒல்லாந்தர் 1757 இல் திறந்த உல்பெண்டால் ஆலயத்தையும் காணலாம். யூதரின் சுவடு மட்டும் இல்லை. ஆனால் பத்தாம் நூற்றாண்டிலே அபூ ஸைத் என்னும் அரபு ஆசிரியர், சரந்தீபில் யூதர் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர் என்றும், அந்நாட்டு மன்னன் ஒவ்வொரு சமயத்தாரையும் அவரவர் நெறியில் ஒழுக விட்டான் என்றும் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்ரீசி, இலங்கை மன்னனின் ஆலோசகர் பதினாறு பேரில் நால்வர் யூதர் என்றார். இருந்தவர்கள் போய்விட்டார்கள். போனவர்களைப் பற்றி எழுதும் தகுதி கொழும்புத் தமிழருக்கு வேறெவரையும்விடச் சற்று அதிகமாகவே உண்டு.

மட்டாஞ்சேரிப் பள்ளிக்குள் காலணியைக் கழற்றிவிட்டே நுழைய வேண்டும். யூதருடைய பொது வழக்கில் இஃது இல்லை. அயலிலிருந்த கோயிலையும் பள்ளிவாசலையும் பார்த்துக் கேரளத்து யூதர் பழகிக்கொண்டதாகச் சொல்வர். தரையெங்கும் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள்; மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். மண்டபத்தின் ஒரு புறத்தில் காணிக்கைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன்முன் நாம் நின்றபோது, உடன்வந்த நண்பர் எமது முழங்கையைத் தொட்டார். அவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், முஸ்லிம், எமது கல்லூரியிலேயே வரலாறு கற்பிப்பவர்.

"சேர், இந்தச் சல்லி எங்க போய்ச் சேரும்?" என்று மெல்லக் கேட்டார்.

கேள்வி சிறியது; அதன் பின்னணி பெரியது. 2023 ஒக்டோபருக்குப் பின் காசாவிலே குழந்தைகள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. வீட்டிலே தொலைக்காட்சியின் முன் அவர் பிள்ளைகள் அழுததை எமக்கு அவர் சொல்லியிருக்கிறார். யூதப்பள்ளி ஒன்றின் பெட்டியில் காசு போடுவதென்பது அவரளவில் சுற்றுலாப் பயணியின் சில்லறை விவகாரம் அன்று. எம்மளவிலும் அன்று.

நாம் பதில் தேடிக்கொண்டு நின்றோம். அவரே முந்திக்கொண்டார். "2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட தெருவில என்னைப் பார்த்த பார்வை உங்களுக்கு ஞாபகம் இருக்கா, சேர்? குண்டு வைச்சவன் ஆரென்று எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் என்னட்டக் கேட்டாங்க." இவ்வளவுதான் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடித்துப் பெட்டியிலே போட்டார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது, அந்தக் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்தச் சென்ற சைவர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. மறுநாள் முதல் ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதையும் நாம் கண்டோம். தமிழராகிய எமக்கு அந்தக் கூண்டு புதியதன்று. சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டி நீட்டித் தேய்ந்த கைகள் எம்முடையவை. ஓர் அரசு செய்வதற்கு, அந்த அரசின் சமயப் பெயரைத் தாங்கிய ஏதோவொரு கடற்கரைத் தெருவிலுள்ள கிழவியும் கிழவனும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றால், அந்த நியாயம் நாளைக்கு எமது வாயிலிலும் வந்து நிற்கும். நாமும் காசைப் போட்டோம்.

அந்தக் காசு எதற்கு? யூதரின் மரபிலே இறந்தவரை நினைப்பதும் ஈவதும் பிரியாதவை. ஆண்டுதோறும் இறந்த நாளிலே இருபத்துநான்கு மணிநேரம் எரியும் விளக்கை ஏற்றுவர். ஆண்டில் நான்கு முறை, திருநாட்களில், மாண்டோரைப் பெயர்சொல்லி நினைக்கும் வழிபாட்டிலே அவர் பொருட்டு இன்ன தொகை கொடுப்பேன் என்று வாக்களிப்பர். அப்படிச் சேர்வதே ஒரு சபையின் நினைவு நிதியம். விளக்குக்கு எண்ணெய், கூரைக்கு ஓடு, ஏழைக்கு உணவு, கல்லறைக்கு மதில் எல்லாம் அதிலிருந்தே. தமிழ் கற்றவருக்கு இது புதுமையன்று. சோழர் கல்வெட்டுக்களிலே கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்த செய்தி மீண்டும் மீண்டும் வரும். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் குட்டி ஈன்று தொகை குறையாமல் நிற்கும். முதல் கரையாமல் வட்டியில் விளக்கெரிக்கும் இன்றைய வங்கி நிதியத்தின் இலக்கணம் இதைவிட வேறென்ன?

ஆனால் யூதரிடம் ஒரு நிபந்தனை உண்டு. அது எம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. இறந்த தாய்க்காக மகன் ஓதும் கதீஷ் என்னும் துதியைத் தனியே ஓத முடியாது. வயதுவந்த பத்துப்பேர் கூடியிருக்க வேண்டும். பழைய நெறியிலே பத்து ஆண்கள். சில புதிய சபைகளிலே பெண்களையும் எண்ணுகிறார்கள். ஒன்பது பேரும் ஒரு பெட்டி நிறையப் பொன்னும் இருந்தாலும் சபை கூடாது. நிதியத்தால் எண்ணெய் வாங்கலாம், பத்தாவது ஆளை வாங்க முடியாது.

மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப்பேர் இன்று இல்லை. 1948 அளவில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர் இருந்தனர். ஐம்பதுகளிலே பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். வெறுப்பினால் துரத்தப்பட்டுப் போனவர்கள் அல்லர். மலையாளம் பேசிக்கொண்டே போனார்கள். 1968 டிசம்பரில் இந்தப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், இந்திய அஞ்சல் துறை முத்திரை வெளியிட்டது. அவ்வளவு கொண்டாட்டத்துக்கும் நடுவே சபை ஏற்கெனவே மெலிந்துவிட்டது. சாரா கோஹன் என்னும் மூதாட்டி யூதத் தெருவிலே பூத்தையல் கடை வைத்திருந்தார். தம் 96 ஆம் வயதில் 2019 ஆகஸ்டில் மறைந்தார். முதுமையிலே அவரைப் பராமரித்தவரும், அவர் கடையைத் தொடர்ந்து நடத்துபவரும் ஒரு முஸ்லிம். 2024 ஆகஸ்டில் குயீனி ஹலேகுவா மறைந்தபோது, அந்தத் தெருவின் பரதேசி யூதரில் எஞ்சியவர் ஒருவரே என்று செய்தித்தாள்கள் எழுதின. நாம் சென்றது அதற்குச் சில மாதங்களின் பின்.

பரதேசி என்றால் இங்கே பிச்சைக்காரர் அல்லர். பிறதேசத்திலிருந்து பின்னாளில் வந்தவர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேரூன்றிய மலபார் யூதர் வேறு. இவ்விரு சாராரும் பெருமையோடு சுட்டும் ஆவணம் தமிழாசிரியர் எவரும் விரல்வைத்துத் தடவிப் பார்க்க ஆசைப்படும் ஒன்று. கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்பவருக்கு அளித்த செப்பேடு அது. எழுத்து வட்டெழுத்து. மொழியைத் தமிழென்று நாமும், மலையாளமென்று அவர்களும் சொல்வோம். இரண்டும் இன்னும் முற்றாகப் பிரியாத காலம், ஆதலின் சண்டை வேண்டியதில்லை. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையையும், எழுபத்திரண்டு சிறப்புரிமைகளையும் மன்னன் அவருக்கு வழங்கினான்: சுங்கமும் துலாக்கூலியும் இல்லை, பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, காளம் எல்லாம் உண்டு. ஒரு யூத சபைக்கு அயல் சமயத்தான் செய்த கொடை இந்நாட்டுப் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்கு வேறு சான்று வேண்டா. பின்னாளில் பரதேசிகளின் பள்ளிக்கும் கொச்சி அரசனே தன் அரண்மனையின் அருகில் நிலம் கொடுத்தான். கோயிலும் யூதப்பள்ளியும் அங்கே ஒரு மதிலின் இரு பக்கம்.

பள்ளியின் மணிக்கூட்டுக் கோபுரம் 1760 இல் எசக்கியேல் ரகாபி கட்டியது. அவர் ஒல்லாந்தக் கம்பெனியின் தலைமை வணிகர். கொழும்பும் கொச்சியும் அப்போது ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. உல்பெண்டால் ஆலயம் எழுந்து மூன்றாண்டில் இந்தக் கோபுரம் எழுந்தது. மிளகு இரண்டு இடத்திலும் ஒரே விலைக்கு வாங்கப்பட்டதா என்று கேட்க எமக்கு ஆசை. கேட்டுப் பயனில்லை, விலை வைத்தவன் விதைத்தவன் அல்லன்.

செப்பேட்டையும் கோபுரத்தையும் காட்டி வழிகாட்டிகள் நிறுத்திக்கொள்கிறார்கள். எமக்கோ அந்தப் பள்ளியின் வரலாற்றிலே மிகப்பெரிய மனிதர் ரகாபி அல்லர், ஏ. பி. சேலம். ஆபிரகாம் பாரக் சேலம் 1882 இல் பிறந்தவர்; பரதேசி யூதரின் வீடுகளிலே அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவரின் வழிவந்தவர். அடிமைத்தளை அறுந்தாலும் இழிவு அறவில்லை. அவர்கள் பள்ளிக்குள்ளே மற்றவருக்குச் சமமாய் அமரக்கூடாது. திருமறையைச் சபைமுன் ஓதும் உரிமை இல்லை. மற்றையோருடன் மணவுறவு இல்லை. காணிக்கை கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆளை எண்ணமாட்டார்கள். எங்கோ கேட்ட கதைபோல் இருக்கிறதல்லவா?

சேலம் சென்னைக்குப் போய்ப் பட்டம் பெற்றார், வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டசபையிலே உறுப்பினராய் இருந்தார், 1929 இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்றார். திரும்பி வந்து காந்தியின் படைக்கலத்தையே தம் பள்ளிக்குள் எடுத்தார். உரிமை மறுக்கப்பட்ட இடத்திலே போய் உட்கார்ந்து மறியல் செய்தார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை. ஒவ்வொன்றாய், முணுமுணுப்போடு, பல ஆண்டுகளில் விழுந்தன. 1950 இல் அவர் மகன் ஒருவர் பரதேசிப் பெண்ணை மணந்தார். சேலம் தாம் மட்டும் கொச்சியைவிட்டுப் போகவில்லை. 1967 இல் அங்கேயே மறைந்தார். அதற்கு மறு ஆண்டு, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாயிலிலே எம்மவர் பலர் உள்ளே விடுமாறு கேட்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். கோயிலுக்குக் கல் சுமந்தவரும் தேருக்கு மரம் தறித்தவரும் அவர்களிடையே இருந்தனர் என்பதை எழுத வேண்டியதில்லை. எழுதிய எழுத்தாளர்கள் இந்த ஏட்டின் வாசகர்களுக்குப் பழக்கமானவர்களே.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆட்கள் நிறைந்திருந்த காலத்திலே ஒரு சாராரைப் பத்திலே எண்ண மறுத்த பள்ளி. இன்றைக்கு எவர் வந்தாலும் எண்ணிக்கொள்ளக் காத்திருக்கிறது, எண்ணுவதற்குத்தான் ஆளில்லை. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. எமது கோயில்களின் தர்மகர்த்தாக்களுக்கு யாராவது ஒரு கொச்சிப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தால் நல்லது என்று தோன்றியது, அவ்வளவே.

கொடையின் மூலத்தையும் பேசாமல் விடலாகாது. பம்பாயிலே டேவிட் சசூன் 1861 இல் மாகேன் டேவிட் பள்ளியைக் கட்டினார். அவர் பேரன் ஜேகப் சசூன் 1884 இல் கெனேசெத் எலியாகூ பள்ளியைக் கட்டினார். புனே நகரத்திலே சசூன் பெயரால் பெரிய மருத்துவமனை நிற்கிறது, இன்றும் ஏழைகளுக்கு அதுவே கதி. நன்று. அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி சீனத்துக்கு அபின் ஏற்றியதிலும், பின்னர் பஞ்சாலைகளிலும் திரண்டது. எமது நாட்டிலும் அக்கதையின் கிளை உண்டு. ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான டி வோர்ம்ஸ் சகோதரர் 1841 இல் புசல்லாவையிலே நிலம் வாங்கி, சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தனர். ரொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே காடு வெட்டியவர்களும் கோப்பி பறித்தவர்களும் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள். வழியிலே விழுந்தவர்களுக்கு நினைவு விளக்கும் இல்லை, நினைவு நிதியமும் இல்லை. இதனை யூதர்மேற் குற்றமாகச் சாட்டுவோர் பிரித்தானியத் துரையையும், இந்தியச் செட்டியையும், தமிழ்க் கங்காணியையும் அதே தட்டில் வைத்து நிறுக்கட்டும். நிறுக்காமல் யூதரை மட்டும் சுட்டுபவரின் விரல் எங்கே பழகியது என்பதை ஐரோப்பா 1945 வரை காட்டியது.

யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகஞ்சுளித்துக் கொடுப்பது அடிப்படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது மிக உயர்ந்தது. அதனினும் உயர்ந்தது, ஒருவன் இனிக் கையேந்த வேண்டாதவாறு கடனோ கூட்டோ தொழிலோ கொடுத்து நிமிர்த்துவது. அவர் தம்பி தாவீது வணிகத்துக்காக வந்து எமது இந்தியப் பெருங்கடலிலேதான் மூழ்கி மாண்டார். அந்தத் துயரிலே அண்ணன் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். எட்டுப் படிகளிலே கல்லிற் பெயர் பொறிக்கும் படி ஒன்றும் இல்லை என்பதைக் கொழும்பிலே எந்த மண்டபத்தின் குழல்விளக்கைப் பார்த்தாலும் நினைத்துக்கொள்கிறோம். 'உபயம்' என்று தொடங்கும் எழுத்துக்கள் வெளிச்சத்தில் பாதியை விழுங்கிவிடுகின்றன.

ஆட்கள் போனபின் நிதியும் கட்டடமும் என்னாகும்? விடைகள் பலவாறு. மாளையிலே யூதர் புறப்படும்போது, 1955 இல், பள்ளியையும் கல்லறை நிலத்தையும் ஊராட்சியிடம் நம்பிக்கையாக ஒப்படைத்தனர். கல்லறை நிலத்திலே விளையாட்டரங்கு அமைக்க முற்பட்டபோது பூசல் எழுந்தது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளியுடைய மரவேலைப்பாடுகளை எருசலேம் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டு போனது. அவை அங்கே பளபளக்கின்றன, இங்கே நின்ற சுவர் 2019 மழையிலே சரிந்தது. சேந்தமங்கலத்தையும் பரவூரையும் கேரள அரசு செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியது. பம்பாயின் கெனேசெத் எலியாகூ 2019 இல் புதுப்பொலிவோடு திறந்தபோது, செலவைப் பகிர்ந்தோரில் யூதரல்லாத ஓர் எஃகு நிறுவனத்தின் அறக்கட்டளையும் இருந்தது.

எம்மை மிகவும் தொட்டது கல்கத்தாவின் விடை. அங்கே 1881 இல் யூதர் தம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினர். யூதர் போய்விட்டனர், நகரத்தில் எஞ்சியோர் சிலரே. பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. யூதப் பெண்கள் பள்ளி என்ற பெயரோடு, இன்று பெரும்பாலும் முஸ்லிம் சிறுமியர் அங்கே படிக்கிறார்கள். நகரத்தின் யூதத் தொழுகைக்கூடங்களைக் காப்போரும் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்களே. வங்காளத்து ஏழைத் தகப்பன் ஒருவனின் மகள் எண்கணிதம் படிக்கும்போது, பாக்தாத்திலிருந்து வந்த எவளோ ஒரு பாட்டியின் விளக்கு எரிகிறது.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியதும் இதை நாம் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்தது. எமது கல்லூரியின் பரிசு நிதிக் குழுவிலே நாமும் ஓர் உறுப்பினர். 1983 ஜூலைக்குப் பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து புறப்பட்டவர்கள் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தாய் தந்தையர் பெயரால் நினைவுப் பரிசுகளை நிறுவுகிறார்கள். அந்தரட்டிக்கு வரமுடியாதவரின் கண்ணீர் காசோலையாக வருகிறது. அதை மதிக்காதவன் மனிதனல்லன். அவற்றுள் ஒரு நிதியம், முன்பு இங்கே கற்பித்த ஓர் ஆசிரியையின் பெயரால் மகன் நிறுவியது. இரண்டு இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு. நிபந்தனை ஒன்று: தம் ஊர்ப்பிள்ளைக்கே தமிழ்ப்பாடப் பரிசு கொடுக்கவேண்டும். அந்த ஊர்ப்பிள்ளை எவரும் பதினோராண்டாக எமது கல்லூரியில் இல்லை. வட்டி குட்டிபோட்டு நிற்கிறது. சாவா மூவாப் பேராடுதான், விளக்குத்தான் எரியவில்லை.

குழுவிலே ஒருவர் நிபந்தனையை மீறலாகாது என்றார். சட்டப்படி அவர் சொல்வது சரியே. இன்னொருவர், தமிழ்ப்பாடத்தில் முதலாம் இடம் பெறும் பிள்ளை 'எங்கட ஆள்' அல்லவே என்று தயங்கினார். அந்தப் பிள்ளையின் பாட்டனார் தோட்டத்திலிருந்து வந்து துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர். தகப்பனும் அங்கேயே வேலை. வரலாற்று ஆசிரியரான எமது நண்பர் அதுவரை வாய்திறவாமல் இருந்தார். "அந்த ரீச்சர் வகுப்பில இடாப்புக் கூப்பிடேக்க ஊர் கேட்டா கூப்பிட்டவ?" என்று கேட்டார். பழைய மாணவர் சிலர் குழுவில் இருந்தனர். எவரும் பதில் சொல்லவில்லை.

கடிதம் எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நிபந்தனையைத் தளர்த்தித் தரும்படி மகனிடம் கேட்டோம். மட்டாஞ்சேரியைப் பற்றி இரண்டு வரி எழுதினோம், கல்கத்தாச் சிறுமியரைப் பற்றி மூன்று வரி. புசல்லாவையைப் பற்றி எழுதவில்லை, அது அவருக்குத் தெரியாததன்று. தாயார் வாங்கிய புள்ளிப் புத்தகம் ஒன்று நூலகத்தின் அலுமாரியிலே கிடந்தது. அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து உடன் அனுப்பினோம். முப்பத்தெட்டுப் பெயர்கள், அவர் கையெழுத்தில், எதன் எதிரிலும் ஊர் இல்லை.

பரிசளிப்பு விழா மூன்றாந் தவணையில். பட்டியலை அச்சகத்துக்கு அனுப்ப இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தமிழ்ப்பாடப் பரிசுக்கு நேரே ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம்.